துரோணருக்குப் படியளந்தவர்கள்

அஸ்தினாபுரத்தில் குடியிருப்பவர்கள் பாரதக் கேலியிலிருந்து தப்ப முடியாது. குரோம்பேட்டையில் இறங்கி ராஜேந்திர பிரசாத் சாலை வழியாக ஷேர் ஆட்டோவில் வந்து சேரும் வெளியூர் நண்பர்கள், சகுனி எந்தத் தெருவில் இருக்கிறார், பாஞ்சாலி சபதம் நிறைவேறிவிட்டதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் காப்பிக்குக் கை நீட்டுவார்கள். ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்கும் இது பழகிப்போன ஒன்று. ஆனால் சில வாரங்களுக்கு முன் இந்தக் கேலியே ஒரு சண்டையில் கொண்டுபோய் விட்டது. பேச்சு ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைகள் பக்கம் திரும்பியபோது, நிறையப் படித்த, நல்ல ரசனையுள்ள நண்பர் ஒருவர், "உங்கள் ஊர்த் துரோணர் சம்பள உயர்வு கேட்டு மறியல் செய்தாரா? கற்பித்தல் புனிதப் பணி ஐயா, அதைப் போய்த் தொழிற்சங்கம் ஆக்கிவிட்டீர்களே!" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையசைத்தார்கள். தலையசைத்தவர்கள் எல்லாரும் சிற்றிதழ் வாசகர்கள். அந்தத் தலையசைப்புக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் துரோணரைப் பார்த்துவிடுவோம். அவர் அஸ்தினாபுரத்துக்கு வந்ததே வறுமையால். பால் கேட்டு அழுத அசுவத்தாமனுக்கு மற்றச் சிறுவர்கள் மாவைக் கரைத்துக் கொடுக்க, அதைப் பாலென்று நம்பி அவன் குதித்தாடியதைப் பார்த்த தகப்பன், பழைய நண்பன் துருபதனிடம் உதவி கேட்டுப் போய் அவமானப்பட்டுத் திரும்பினார். பிறகுதான் பீஷ்மர் அவரை அரண்மனை ஆசிரியராக அமர்த்தினார். அதாவது நம் மரபின் தலைசிறந்த ஆசிரியர் ஓர் அரசு ஊழியர். அவருக்குச் சங்கமில்லை, விதிமுறையில்லை, ஓய்வூதியமில்லை; அரசன் அளந்த படிதான். அதன் விளைவு என்ன? சூதாட்ட மண்டபத்தில் அவர் வாய் திறக்கவில்லை. போர் தொடங்கும் முன் ஆசி வாங்க வந்த தருமனிடம், கௌரவர்களின் பொருளுக்குக் கட்டுப்பட்டுவிட்டேன் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். படியளப்பவனின் தயவில் வாழும் ஆசிரியன் எப்படியிருப்பான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிடவில்லை. துரோணரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவருடைய வாக்குமூலத்தை முழுவதும் கேட்டிருக்கலாம்.

‘புனிதப் பணி’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்தச் சொல் மாலை மரியாதைக்கு மட்டும் பயன்படுவதில்லை. நீதிமன்றத்தில் அது ஓர் ஆயுதமாகவே பயன்பட்டிருக்கிறது. கோவாவில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியை 1975-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். தொழில் தகராறு சட்டத்தின்படி தமக்கு நியாயம் வேண்டும் என்று கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1988-இல் தீர்ப்பானது. பள்ளி ஒரு ‘தொழில்’தான் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அங்கே வேலை செய்யும் ஆசிரியர் மட்டும் ‘தொழிலாளி’ அல்லர் என்றது. கற்பித்தல் உடலுழைப்பு அன்று, எழுத்தர் வேலை அன்று, தொழில்நுட்ப வேலையும் அன்று. அது ஒரு தொண்டு, உயர்ந்த அழைப்பு என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆசிரியர்களின் குறைகளைத் தீர்க்கத் தனியாக ஓர் ஏற்பாட்டைச் சட்டமன்றங்கள் செய்யவேண்டும் என்றும் அதே தீர்ப்பு பரிந்துரைத்தது. புகழுரையை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். பரிந்துரையை மறந்துவிட்டார்கள்.

எங்கள் பகுதியில் நின்றுகொண்டு இதை யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் தொழிற்சாலையால். இன்றும் சி.எல்.சி. ஒர்க்ஸ் சாலை இருக்கிறது. அந்த ஆலையில் தோலைப் பதனிட்டவருக்குத் தொழிலாளி என்ற பெயர் இருந்தது. வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றம் இருந்தது. பிள்ளைகளைப் பதப்படுத்தும் ஆசிரியைக்கு அது இல்லை; அவர் அவ்வளவு உயர்ந்தவர்! 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொழிலாளிக்கான இலக்கணம் ஏறத்தாழ அதே பட்டியல்தான். பத்திரிகையாளர் பெயர் அதில் உண்டு, மருந்து விற்பனைப் பிரதிநிதி போன்றோரும் உண்டு, ஆசிரியர் இல்லை.

பணிக்கொடை விஷயத்திலும் இதே கதைதான் தொடங்கியது. ஆனால் வேறுவிதமாக முடிந்தது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி ‘ஊழியர்’ ஆக மாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் ஆசிரியர் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. 2009-இல் நாடாளுமன்றம் அந்த இலக்கணத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லுமாறு முன்தேதியும் இட்டது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை உறுதி செய்தது. ஒரு சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றியதால் நாடெங்கும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை உரிமையாயிற்று. எந்த முதலமைச்சரும் மனமிரங்கி அறிவித்ததல்ல அது. ஆகவே எந்த முதலமைச்சரும் திரும்பப் பெற முடியாது.

இந்த வேறுபாடுதான் எங்களுக்கு முக்கியம். நம் ஆசிரியர் சங்கங்கள் அரை நூற்றாண்டாக அரசாணைகளுக்காகப் போராடி வந்திருக்கின்றன, சட்டங்களுக்காக அல்ல. அரசாணை என்பது படி. இன்று அளக்கலாம், நாளை நிறுத்தலாம்.

2003-ஐ நினைவிருப்பவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு அந்த ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் மேலும் முறுக்கி, ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு வீட்டுக்கு அனுப்பியது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும் இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோரை மீண்டும் சேர்த்துக்கொள்ள அரசு இசைந்தது. பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்துப் பழகியவர்கள் தாங்களே இம்போசிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினார்கள். அதைப் பற்றி நம் இலக்கிய இதழ்களில் எத்தனை பக்கம் வந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கலாம்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஓய்வூதியத்தை ஒழித்துப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்த அரசாணையின் தேதியும் அதே 2003 ஆகஸ்ட் 6. அது செல்லுபடியாவது ஏப்ரல் 1 முதல். சட்டமன்றத்தில் விவாதித்து இயற்றிய ஒரு தனிச் சட்டமாக அது வரவில்லை; நிதித்துறை ஆணையாகவே வந்தது. மார்ச் 31-இல் சேர்ந்தவருக்குச் சாகும்வரை ஓய்வூதியம், மறுநாள் சேர்ந்தவருக்குக் கையில் ஒரு தொகை. ஊதியத்தில் பத்து விழுக்காடு பிடித்தார்கள். அரசும் பத்து விழுக்காடு போட்டதாகக் கணக்கு. ஆனால் ஒன்றிய அரசின் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தோடு தமிழ்நாடு இணையவே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்கள் மாத ஓய்வூதியம் எதுவுமின்றி வெளியேறினார்கள். 2016-இல் குழு அமைத்தார்கள், 2018-இல் அதன் அறிக்கை வந்தது, 2021 தேர்தலில் வாக்குறுதி வந்தது, 2025-இல் மறுபடியும் குழு வந்தது. 2026 ஜனவரி 3-இல் மு.க. ஸ்டாலின் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார்: கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தில் பாதி, அதற்கு ஊழியரின் பங்கு பத்து விழுக்காடு. ஜாக்டோ-ஜியோ தான் அறிவித்திருந்த காலவரையற்ற வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது, இனிப்பு வழங்கினார்கள்.

நாங்களும் மகிழ்ந்தோம், மறுக்கவில்லை. ஆனால் 2003-இல் ஓர் ஆணையால் போனது, 2026-இல் ஓர் ஆணையால் வந்தால், 2036-இல் இன்னோர் ஆணையால் போகாது என்பதற்கு என்ன உறுதி? பெயரில் மட்டும்தானே ‘உறுதி’ இருக்கிறது? இதைச் சட்டமன்றத்தில் மசோதாவாக வைத்து நிறைவேற்றுங்கள் என்ற கோரிக்கையைத் தலைப்பில் வைத்த சங்கத் துண்டறிக்கை ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் ‘சட்டம் எவ்வாறு இயற்றப்படுகிறது’ என்று கரும்பலகையில் எழுதிப்போடும் அதே ஆசிரியர்கள், தங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் கோட்டையில் மனுக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படியே பார்த்தால் இன்றைய அரசுப் பள்ளி ஆசிரியர் அறையை ஆள்வது தலைமையாசிரியர் அல்லர், மூன்று தேதிகள். முதலாவது 2003 ஏப்ரல் 1. இரண்டாவது 2009 ஜூன் 1. அன்றும் அதற்குப் பிறகும் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, முந்தைய நாள் சேர்ந்தவரைவிட அடிப்படை ஊதியம் 3,170 ரூபாய் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே பாடப்புத்தகம். 1988 போராட்டத்துக்குப் பின் கிடைத்த ஒன்றிய அரசுக்கு இணையான ஊதியம், இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்த ஆணையோடு நழுவிப்போயிற்று. 2022 டிசம்பர் இறுதியில் அவர்கள் நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்தில் பட்டினி கிடந்ததையும், புத்தாண்டை அங்கேயே கழித்ததையும் செய்தித்தாள் படிப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய சங்கங்கள் இந்தக் கோரிக்கையைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் தனியாக ஓர் அமைப்பு கட்டித் தனியாகப் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. அதன் பொருளைப் பெரிய சங்கத் தலைவர்கள்தாம் விளக்க வேண்டும்.

மூன்றாவது தேதி 2010 ஆகஸ்ட் 23. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய நாள். இதில் எங்களுக்குள்ளேயே இன்னமும் ஒருமித்த கருத்து இல்லை. இருந்தாலும் சண்டையைச் சொல்லிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எப்போது சேர்ந்திருந்தாலும், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் கட்டாய ஓய்வு. ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைத் திருத்து என்று சங்கங்கள் நாடாளுமன்றத்தைக் கேட்கின்றன. சங்கங்கள் முறையாகச் சட்டத் திருத்தம் கேட்கும் அரிய தருணம் இது. இந்த அளவில் பாராட்டுகிறோம்.

"பிள்ளைகளுக்கு வாரந்தோறும் பரீட்சை வைப்பவர் தான் ஒரு பரீட்சை எழுதினால் என்ன?" என்று எங்கள் நண்பர் கேட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1998-இல் பயிற்சிச் சான்றிதழோடு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவரிடம், அன்றைய சட்டம் என்ன கேட்டதோ அதை அவர் கொடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் விதியை மாற்றுவதற்குப் பெயர் தர உயர்வு அல்ல. மேலும் அந்தத் தேர்வு எதை அளக்கிறது? 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதன்முறை நடந்தபோது தேறியவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. நேரம் போதவில்லை என்ற குரல் எழுந்தது. அதே ஆண்டு மறுதேர்வு வைத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்து உட்காரும் பிள்ளையை அரை மணியில் சிரிக்கவைக்கத் தெரிந்தவருக்கு எந்த வினாத்தாளில் மதிப்பெண் இருக்கிறது?

ஆயினும் நண்பர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தேர்வு வேண்டாம் என்கிற சங்கங்கள், ஆசிரியரின் தரத்தை வேறு எப்படித்தான் அறிவது என்ற கேள்விக்கு ஒருபோதும் வாய் திறந்ததில்லை. சக ஆசிரியர்களே வகுப்பில் வந்து அமர்ந்து மதிப்பிடும் முறை, பணியிடைப் பயிற்சியோடு இணைந்த மதிப்பீடு என்று எதையாவது முன்வைத்துவிட்டு 23-ஆம் பிரிவைத் திருத்தச் சொன்னால் அந்தக் கோரிக்கைக்குக் கனம் கூடும். புதுமைப்பித்தனைப் படித்திராத தமிழாசிரியரைப் பார்த்து நாங்களும் மனம் நொந்திருக்கிறோம். அவரைச் சங்கம் காப்பாற்றும், காப்பாற்றட்டும். ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டுக் காப்பாற்றினால் ஆகாதா?

பகுதிநேர ஆசிரியர்கள் விவகாரம் வேறு ரகம். 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். பன்னிரண்டு ஆண்டில் அது 12,500 ரூபாய் ஆயிற்று. ‘பகுதிநேரம்’ என்பது அவர்கள் பெயர். அவர்களின் பசி முழுநேரம்தான். அவர்களுக்கான பணம் சமக்ர சிக்ஷா கணக்கில் வருகிறது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது முதலில் நடுங்கியது இவர்களைப் போன்றவர்களின் வீடுகள்தாம். மொழிக் கொள்கை பற்றிய தில்லி - சென்னைச் சண்டையில் எங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியாரின் சம்பளத்தைப் பணயம் வைக்க இரண்டு பக்கத்துக்கும் உரிமையில்லை. சூது ஆடுகிறவர்கள் தங்கள் சொத்தை வைத்து ஆடட்டும்.

இனி, இவ்வளவு நேரம் தள்ளிவைத்த விஷயம்.

இங்கிருந்து சேலையூர்வரை, அந்தப் பக்கம் பல்லாவரம்வரை காலை எட்டு மணிக்கு எந்தத் தெருமுனையில் நின்றாலும் தனியார் பள்ளி வேன்கள்தாம். அவற்றின் முன்னிருக்கையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களும் ஆசிரியர்கள்தாம். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கையெழுத்து ஒரு தொகைக்கு, கைக்கு வருவது வேறு தொகை. மே மாதம் சம்பளம் இல்லை. சேரும்போது வாங்கிவைத்த மூலச் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் அலமாரியில். மாலையில் வீட்டு மாடியில் டியூஷன் வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஒரு நாள் ஆண்டு விழாவில் சால்வை போர்த்தி, ‘புனிதப் பணி’ என்று பொறித்த கேடயம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பணிக்கொடை பற்றிச் சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நாற்பதாண்டு சங்கத்துக்காரர். அந்த அம்மாளுக்காக யாரிடம் பேசுவது என்று கேட்டோம். "அவங்க நம்ம கேடர்ல வரமாட்டாங்களே" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது தோன்றியதில்லை.

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் உட்படத் தனியார் பள்ளிகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவரும் ஒழுங்குமுறைச் சட்டம் 2018-இல் நிறைவேறி, 2023-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை முறைப்படுத்த 2009 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெற்றோர் கட்டும் தொகைக்கு ஒரு குழு விசாரணை நடத்துவதுபோல, ஆசிரியர் வாங்கும் தொகையை யாரும் தேடிப்போய் விசாரிப்பதில்லை. தனியார் கல்லூரி நிர்வாகத்தோடு மோதும் விரிவுரையாளரை நா. பார்த்தசாரதி தொடர்கதை நாயகனாக்கியபோது வாரந்தோறும் காத்திருந்து படித்த தமிழ் வாசகர்கள், பக்கத்து வீட்டு டீச்சரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதை அநாகரிகம் என்று நினைத்துவிட்டோம்.

ஒரு காலத்தில் ஆசிரியர்களுக்கென்று தனியாகச் சட்டமன்றத்தில் இடமே இருந்தது. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 1986-இல் எம்.ஜி.ஆர். மேலவையை ஒழித்தபோது அதுவும் போயிற்று. 2010-இல் மீட்க எடுத்த முயற்சி ஆட்சி மாற்றத்தோடு நின்றது. இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. அந்த வாக்குரிமை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் கற்பித்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இல்லை. அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவரை அரசியலமைப்பே படிக்கட்டில் உட்காரவைத்தது. ஆசிரியர்களுக்குள் சாதிபோல் அடுக்கு பிரிக்கும் வழக்கம் சங்கங்கள் கண்டுபிடித்ததல்ல என்பதற்காகச் சொல்கிறோம். ஆனால் அதை அவை விட்டொழிக்கவும் இல்லை.

நண்பருடைய குற்றச்சாட்டில் கடைசியாக ஒன்று மிச்சமிருக்கிறது: சங்கங்கள் காசைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை என்பது. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த வேலைநிறுத்தத்தின் ஒன்பது கோரிக்கைகளில், 21 மாத நிலுவைத் தொகையும் ஓய்வூதியமும் இருந்தன. பள்ளிகளை இணைப்பதையும் மூடுவதையும் கைவிட வேண்டும் என்பதும் இருந்தது. அதில் ஆசிரியருக்குத் தனி லாபம் குறைவு. கிராமத்துப் பிள்ளைக்குத்தான் அதிகம். அந்த ஒன்பது நாளும் தொலைக்காட்சி விவாதங்களில் ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல் ஓடியது. மூடவிருந்த பள்ளிகளின் பட்டியல் ஓடவில்லை. போராடியவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை, கைது, இடமாற்றம். 2021 தேர்தலுக்குச் சற்று முன்னால் எல்லாம் ரத்து. தண்டித்ததும் ஆணை, மன்னித்ததும் ஆணை.

எனவே நண்பரோடு எங்கள் சண்டை ஒருவாறு தீர்ந்துவிட்டது, சங்கங்களோடுதான் தீரவில்லை. ஓய்வூதியத்தைச் சட்டமாக்கக் கேளுங்கள், கூட வருகிறோம். 3,170 ரூபாய்க்காக ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள், தண்ணீர்ப் பானை தூக்கி வருகிறோம். 23-ஆம் பிரிவைத் திருத்தச் சொல்லுங்கள், மாற்றையும் சொல்லுங்கள். அவற்றோடு, சுந்தராம்பாள் வழக்கில் 1988-இலேயே உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்த அந்த ஏற்பாட்டை, எந்தப் பள்ளியில் கற்பித்தாலும் ஆசிரியர் தம் குறையை எடுத்துப்போய்ச் சொல்ல ஒரு தீர்ப்பாயத்தை, ஒரு மசோதாவாக எழுதி உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் கையில் கொடுங்கள். ஜாக்டோ-ஜியோவின் அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் அதற்குப் பத்தாவது இடம் கிடைத்தாலும் போதும்.

அந்த அம்மாளின் பணிக்கொடை மனுவைச் சென்ற வாரம் நாங்களே உட்கார்ந்து எழுதினோம். நாற்பதாண்டு சங்க அனுபவம் உள்ள நண்பர்தான் வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதினார்; இருபத்திரண்டு ஆண்டு என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, "அப்போ நான் எத்தனை வருஷம்?" என்று தமக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். மனு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.